ப்ளஸ் ஒன் வந்ததும் மைதானத்துக்கு முழுக்குப் போட வேண்டுமா?

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி, படித்த அதே அரசு உதவிபெறும் பள்ளியில் ப்ளஸ் ஒன் உயிரியல்-கணிதப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். ஏழாம் வகுப்பிலிருந்து பள்ளியின் கோ-கோ அணியில் ஆடுகிறாள். தமிழ் மன்ற விழா என்றால் மைக் பிடித்துத் தொகுத்து வழங்குவதும் அவள்தானாம். "நீட் எழுதப் போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அவள் அப்பா கேட்கிறார். நிறுத்து என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். கண்டிப்பாகச் சொல்லி நிறுத்தட்டுமா, போனால் போகட்டும் என்று விட்டுவிடட்டுமா?" இதே கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்தும் வருவதால், அவருக்கு எழுதிய பதிலை எல்லோருக்குமாக இங்கே தருகிறேன்.

அன்புள்ள அம்மா,

நிறுத்த வேண்டாம். விட்டுக்கொடுப்பதுபோல் அரை மனதோடு அனுமதிக்கவும் வேண்டாம். வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, நேரம் ஒதுக்கித் தொடரச் சொல்லுங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், உங்கள் கணவர் கேட்பதில் இருக்கும் நியாயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இதனால் மார்க் வருமா?" என்பதுதானே அவர் கேள்வி? வராது. நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் கோ-கோவுக்கு இடமில்லை. பொறியியல் பக்கம் போனாலும் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். மேடையில் எத்தனை முறை பேசினாள் என்று கலந்தாய்வில் யாரும் கேட்கப்போவதில்லை. "கூடுதல் திறமை இருந்தால் பெரிய காலேஜில் சீட் நிச்சயம்" என்று யாராவது சொன்னால், அவர் ஏதோ ஒரு வகுப்புக்குக் கட்டணம் வசூலிக்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர்களில் இப்போது 'உலக சாதனை' நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி ஒரே நேரத்தில் சிலம்பம் சுற்றவைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, தங்க நிறத்தில் பதக்கமும் சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு நன்றாக இருக்கும். சேர்க்கைக்கோ வேலைக்கோ அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஃபைல் நிறைய இப்படிப்பட்ட தாள்களை அடுக்கிக்கொண்டு வரும் பெற்றோரைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது. செலவழித்த பணத்தைவிட, அந்தப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைகள் போனதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

அப்படியானால் எங்குமே கணக்கில் வராதா என்றால், வரும் இடங்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் தனியாக இருக்கின்றன. எந்த மட்டத்தில் ஆடினார்கள், என்ன இடம் பிடித்தார்கள் என்பதை வைத்து அதற்கென்று தனித் தரவரிசை போடுவார்கள். மருத்துவத்திலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் விளையாட்டு வீரர்களுக்கும், 2025-26 முதல் கலைத் துறையில் சாதித்தவர்களுக்கும் ஒவ்வொரு பி.டெக். பிரிவிலும் இரண்டிரண்டு கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறது. அதிலும் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டின் தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்தாக வேண்டும். படிப்பை விட்டுவிட்டு விளையாட்டால் மட்டும் உள்ளே நுழைகிற கதவு அங்கேயும் கிடையாது.

வேலை விஷயத்தில் இன்னும் கொஞ்சம் தாராளம். மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காவலர் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்வில் என்.சி.சி. 'ஏ' சான்றிதழுக்கு 2, 'பி'க்கு 3, 'சி'க்கு 5 சதவீதம் கூடுதல் மதிப்பெண். கல்லூரியில் 'சி' சான்றிதழை நல்ல கிரேடில் முடித்த பட்டதாரி, எழுத்துத் தேர்வு இல்லாமலேயே ராணுவ அதிகாரி தேர்வின் நேர்காணலுக்குப் போக முடியும். தேறினால் பயிற்சி நம் பரங்கிமலையிலேயே கிடைக்கவும் வாய்ப்புண்டு. ரயில்வேயில் விளையாட்டுக்கு மட்டுமல்ல, சாரணர் இயக்கத்துக்கும் கலைக்கும்கூடத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. சாரணர் சீருடை தைக்கப் பணம் எதற்கு என்று கேட்கிற அப்பாக்களுக்கு இதைச் சொல்லிவைப்பேன்.

வெளிநாட்டுப் படிப்பு என்றால் கணக்கே வேறு. அமெரிக்கக் கல்லூரிகள் பல சேர்ந்து பயன்படுத்தும் பொது விண்ணப்பத்தில் பாடத்துக்கு வெளியே செய்தவற்றைச் சொல்லப் பத்துக் கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான் தருவார்கள். பத்தையும் நிரப்பத்தான் வேண்டும் என்பதில்லை. ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தவளுக்கு அந்த 150 எழுத்து பற்றாது. மூன்று மாதம் மூன்று மாதமாக எட்டு வகுப்புக்குப் போனவனுக்கு நிரப்ப விஷயம் இருக்காது.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். அவள் மாநில அணி வரை போவாளா என்று எனக்குத் தெரியாது. போகாமலே போகலாம். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பெரும்பாலான அணிகள் முதல் படியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடும். அப்படியிருந்தும் நிறுத்த வேண்டாம் என்கிறேன் என்றால், ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்குப் போய் அவள் ஆடுவதைப் பாருங்கள், புரியும்.

எட்டுப் பேர் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வரிசையாக, ஒருத்தி கிழக்கே பார்த்தால் அடுத்தவள் மேற்கே பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் துரத்துவாள். துரத்துகிறவள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, எடுத்த திசையிலிருந்து திரும்பவும் கூடாது. எதிரணிப் பெண் சட்டென்று கோட்டுக்கு அந்தப் பக்கம் நழுவிவிட்டால், இவள் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகில் தட்டி 'கோ' கொடுத்துவிட்டுத் தான் உட்கார்ந்துவிட வேண்டும். இன்னும் ரெண்டு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம் என்ற நிலையிலும், சரியான ஆளுக்குக் கொடுத்துவிட்டு அடங்கி உட்காரத் தெரிய வேண்டும். கொடுக்காமல் தானே ஓடித் தீர்க்கப் பார்ப்பவளைப் பயிற்சியில் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். தன்னால் முடியும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, அந்த நொடியில் யாரால் முடியும் என்று பார்க்கும் பழக்கத்தை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தருவதில்லை. அவள் டாக்டராகி அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றாலும் சரி, ஐ.டி. கம்பெனியில் ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்தாலும் சரி, தினமும் தேவைப்படுவது அதுதான். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை இந்தியப் பெண்கள் அணி ஜெயித்தபோது உங்கள் வீட்டில் என்ன சத்தம் கேட்டது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. உலகக் கோப்பை கிடக்கட்டும். உங்கள் ஊர் செம்மண் தரையில் நடப்பதே போதும்.

அடுத்து சொல்வதை உங்கள் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளை எந்தப் போட்டியில் இருக்கிறாள் என்று பார்ப்பதைவிட, அங்கே எந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள் என்று பாருங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன். "தெரியலை சார்" என்பார்கள், இல்லாவிட்டால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது கேட்பது, "போன வருஷம் ஆண்டு விழா அன்னைக்கு நீ எங்கே இருந்தே?" என்றுதான். இதற்குப் பதில் வந்து கொட்டும். மேடைக்குப் பின்னால் ஒயரோடு மல்லுக்கட்டி மைக்கைச் சரிசெய்தவன் இருப்பான். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒப்பனை போட்டு, அழுதவளைச் சமாதானம் செய்து மேடையேற்றியவள் இருப்பாள். டிபன் டோக்கன் கணக்கை எழுதி, கடைசியில் நாற்பது ரூபாய் இடிக்கிறதே என்று தூங்காமல் கிடந்தவன் இருப்பான். மூன்று பேரும் ஒரே வகுப்பில் ஒரே மாதிரி மதிப்பெண் வாங்கியிருக்கலாம். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தால் மூவருக்கும் ஒரே ஆலோசனைதான் சொல்ல முடியும். ஆண்டு விழாவைக் கேட்ட பிறகு, ஒருவனிடம் மின்னணுவியல் பற்றியும், இன்னொருத்தியிடம் நர்சிங், குழந்தைகள் உளவியல், ஆசிரியர் பயிற்சி பற்றியும், மூன்றாமவனிடம் சி.ஏ. பற்றியும் பேச்சைத் தொடங்கலாம். பேச்சைத் தொடங்கத்தான் இது. ஒரு சாயங்கால வேலையை வைத்து ஜாதகம் கணிக்க முடியாது.

இந்த வேலைகளைப் பள்ளிக்கு வெளியே காசு கொடுத்து வாங்க முடியாது என்பது என் அபிப்பிராயம். கட்டணம் கட்டிப் போகும் வகுப்பில் பிள்ளை ஒரு வாடிக்கையாளர். ஒரு நாள் போகாவிட்டால் நஷ்டம் அவளுக்கு மட்டும்தான். பள்ளி அணியில் ஒருத்தி வராவிட்டால் அன்றைக்கு ஆட்டமே நடக்காது. அங்கே ஒன்பதாம் வகுப்புக்காரி ப்ளஸ் டூ அக்காவைத் தட்டிக் கேட்கலாம். முதல் மார்க் வாங்குகிறவள், கணக்கில் தட்டுத் தடுமாறுகிறவளின் கீழே ஆட வேண்டியிருக்கும், ஏனென்றால் அணித் தலைவி அவள். யாரோடு சேர வேண்டும் என்று இவர்களாகத் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கிற இடம் பள்ளிதான். வேலைக்குப் போன பிறகும் அப்படித்தானே இருக்கப்போகிறது?

இன்னொரு பக்கமும் உண்டு. வகுப்பறையில் எட்டுப் பாட வேளையும் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பள்ளிக்கு வருவதே சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம் இருப்பதால்தான். அணியில் பெயர் இருப்பதாலேயே நின்றுவிடாமல் படித்து முடித்த பிள்ளைகளை எந்தப் பி.இ.டி. ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். உங்கள் மகள் படிப்பில் கெட்டி என்பதால் இது அவள் பிரச்சினை இல்லைதான். ஆனால் கெட்டியான பிள்ளைகளெல்லாம் ப்ளஸ் ஒன்னில் ஒதுங்கிக்கொண்டால், மன்றமும் அணியும் 'படிக்காதவர்களின் இடம்' என்று ஆகிவிடுகிறது. அப்புறம் தலைமையாசிரியருக்கும் அதன்மேல் அக்கறை போய்விடும். கணக்கு வாத்தியார் விளையாட்டுப் பாட வேளையைக் கடன் வாங்குவது (திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை) இப்படித்தான் வழக்கமாகிறது.

அரசு இதைக் கொஞ்சம் மாற்றப் பார்க்கிறது. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய கலைத் திருவிழாவில் பள்ளி, வட்டாரம், மாவட்டம் கடந்து மாநில அளவில் ஜெயிப்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி விருது தருகிறார்கள். 2024-இல் தொடங்கிய மகிழ் முற்றம் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிள்ளைகளைப் பிரித்துப் பொறுப்புகள் தருகிறார்கள். சில பள்ளிகளில் இது உயிரோடு நடக்கிறது, சிலவற்றில் பதிவேட்டோடு சரி. பெற்றோர் போய்க் கேட்கிற பள்ளியில்தான் நடக்கும். அதனால் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் அவசியம் போங்கள். மதிப்பெண்ணைப் பற்றி நாலு பேர் கேட்பார்கள்; விளையாட்டுப் பாட வேளை ஒழுங்காக நடக்கிறதா என்று நீங்கள் ஒருவர் கேளுங்கள்.

இனி நேரம். 2025-26 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. அதற்காகப் ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட முடியாது. நீட் கேள்வித்தாளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து கணிசமாக வரும். ஆனால் மூச்சு விடக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது. பள்ளி முடிந்து முக்கால் மணி நேரம், வாரத்தில் நான்கு நாள் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டி நெருங்கும் வாரங்களில் கூடும், பருவத் தேர்வு வாரத்தில் வேண்டாம். பெண் பிள்ளை இருட்டுவதற்குள் வீடு வர வேண்டும் என்பதும் உங்கள் கவலையில் இருக்கும், நீங்கள் எழுதவில்லை என்றாலும். அதற்கு ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். பி.இ.டி. டீச்சரிடம் பஸ் நேரத்தைச் சொல்லி, பயிற்சியைப் பதினைந்து நிமிடம் முன்னால் முடிக்கக் கேளுங்கள். உங்கள் வழியில் போகும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் அணியில் இருப்பார்கள். வெயிலில் கறுத்துவிடுவாள் என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ப்ளஸ் டூ வந்ததும் குறுவட்ட, மாவட்டப் போட்டிகள் முடிகிற வரை ஆடட்டும். அதற்குப் பிறகு அவளே குறைத்துக்கொள்வாள். மார்ச் பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் அணியை அடுத்த தலைவியிடம் கொடுத்துவிட்டுப் படிப்பில் உட்காரட்டும். பொறுப்பை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு விலகுவதும் அவள் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

எப்போது நிறுத்தலாம் என்றும் கேட்பீர்கள். முழங்காலிலோ கணுக்காலிலோ திரும்பத் திரும்ப வலி என்றால், எண்ணெய் தேய்த்துச் சமாளிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அவளுக்கே சலித்துவிட்டது, அணியை எப்படி விடுவது என்ற கூச்சத்தில் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தாலும் நிறுத்தலாம். கோ-கோ, கீபோர்டு, கராத்தே, ஹிந்தி, ஓவியம் என்று ஐந்தாறு இருந்தால் ஒன்றையோ இரண்டையோ வைத்துக்கொண்டு மற்றதை விடச் சொல்லியிருப்பேன். உங்கள் மகளுக்கு இரண்டுதான், இரண்டும் பள்ளிக்குள்ளேயே. இது ஒன்றும் பாரம் இல்லை.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். போட்டிச் சான்றிதழில் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கிய அன்றே பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த வாரமே பள்ளி வழியாகத் திருத்தி வாங்கிவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து, கையெழுத்துப் போட்ட அதிகாரி மாறிப் போன பிறகு அலைய முடியாது. அசலை லேமினேட் செய்யாதீர்கள், சரிபார்க்கும் இடத்தில் முத்திரை வைக்கவோ பின்னால் எழுதவோ முடியாமல் போகும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எந்த விளையாட்டு, எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன்னால் எதைக் கொடுத்தான் என்பது இப்போது உதவாது.

கடைசியாக ஒரு கேள்வி, பதில் எழுதினால் நல்லது. அணியில் அவள் துரத்துகிற இடத்தில் கெட்டியா, ஓடித் தப்பிக்கிற இடத்திலா? தமிழ் மன்ற விழாவில் மைக் பிடிப்பதோடு சரியா, நிகழ்ச்சி நிரலை எழுதுவதும் பேச வருபவர்களைக் கூப்பிட்டு வரிசைப்படுத்துவதும் அவள்தானா? முடிந்தால் அவளையே எழுதச் சொல்லுங்கள். மருத்துவம்தான் என்று முடிவே செய்துவிட்டீர்களா, அலைடு ஹெல்த் எனும் மருத்துவம் சார்ந்த படிப்புகள், பொது சுகாதாரம், இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) மாதிரியானவற்றையும் பட்டியலில் வைக்கலாமா என்பதை அந்தப் பதில் வந்த பிறகு பேசுவோம்.